தீப்பிடித்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள்

பர்மாவில் தட்டோனுக்கும் மோல்மேனுக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. இருபத்திரண்டு வருடமாக இங்கே அயான் மீத்தத்தில், அதாவது தொண்டர் தீயணைப்புப் படையில் இருக்கிறேன். எனக்கு முன்னால் அப்பா இருந்தார்.

அப்பா காலத்தில் போன் ஏது? 2014க்கு முன்னால் ஒரு சிம் கார்டு வாங்குவதே எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாக்கனி. தீ என்றால் பேட்டையில் தொங்கும் இரும்பைத் தட்டுவார்கள். ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடுவார். ஓடியவரே வண்டியில் ஏறி வழி காட்டிவிடுவார். இப்போது தீயணைப்பு நிலையத்தின் எண் 191 அடித்தால் போதும். ஆனால் வழிகாட்ட யாரும் வண்டியில் ஏறுவதில்லை. அந்த வேலையை உங்கள் வாய்தான் செய்ய வேண்டும்.

ஒரு சித்திரை மாதம் மத்தியானம், "கோயிலுக்குப் பின்னால் தீ" என்று ஒரு தம்பி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். எங்கள் ஊரில் மாரியம்மன் கோயிலும் உண்டு, பெருமாள் கோயிலும் உண்டு. பெருமாள் கோயிலுக்குப் போனோம். திரும்பி வருவதற்குள் இரண்டு ஓலைக் கூரைகள் சாம்பல். "அண்ணே, நான் சரியாத்தானே சொன்னேன்" என்று அவன் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் போன் எடுத்ததும் பேட்டைப் பெயர், தெரு, அப்புறம் பர்மிய டிரைவருக்குத் தெரிந்த ஓர் அடையாளம்: பகோடா, சந்தை, ரயில் கேட். நம் தமிழ் ஆட்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் வேண்டாம். பர்மிய மொழியிலேயே சொல்லுங்கள். அடுத்து என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று சொல்லுங்கள். நிலையத்தார் போனை வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள். இதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால் வாயால் சொல்லச் சொல்லிப் பழக்குங்கள். பகலில் வீட்டில் இருப்பது அவர்தானே. கரண்ட் போனால் சில நேரம் டவரும் படுத்துவிடும். அப்போது பழைய வழிதான்: இரும்பைத் தட்டுங்கள், ஒருவரை பைக்கில் அனுப்புங்கள்.

போன் பேசியதும் மெயின் சுவிட்சை இறக்குங்கள், அதற்கு முன் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய்ச் சட்டி எரிந்தால் தண்ணீரே கூடாது, மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள். ஓர் ஆள் தெருமுனையில் நிற்கட்டும், இரவானால் கையில் டார்ச்சோடு. தெருவில் நிற்கும் பைக்குகளை மற்றவர்கள் ஒதுக்கட்டும்.

கொக்கியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். வாசலில் மணல் பை, தண்ணீர்ப் பைகளோடு சாத்தி வைத்திருக்கிறோமே, நீள மூங்கிலில் இரும்பு வளைவு கட்டியது, அதேதான். பலர் எரிகிற வீட்டின் கூரையையே இழுக்கிறார்கள். அது பாதிதான் சரி. முதலில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்து வீட்டின் ஓலையை, தீ தொடுவதற்கு முன்பே, இறவாணத்தில் கொக்கியை மாட்டி உங்களை நோக்கி இல்லாமல் பக்கவாட்டில் இழுங்கள். நேரே இழுத்தால் கூரை உங்கள் தலையில்தான் விழும். அந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், வரட்டும். 1988 மார்ச்சில் வடக்கே லாஷியோ நகரில் ஒரு சமையல் தீ பரவி ஊரையே தின்றது, நூற்றுக்கும் மேல் உயிர் போனது. ஓலை போனால் கட்டிக்கொள்ளலாம்.

நகைக்காக யாரும் உள்ளே திரும்பிப் போகக்கூடாது. பிடித்து நிறுத்துங்கள், அம்மாவாக இருந்தாலும்.

தீ அணைந்தபின் கூரைக் குவியலைக் கிளறிக் கிளறித் தண்ணீர் ஊற்றுங்கள். ஓலைக்கு அடியில் கங்கு மணிக்கணக்கில் கிடக்கும். மழைக்காலம் முழுக்க நனைந்த கொக்கிக் கயிறு நைந்துவிடும், இழுக்கும்போது இரும்பு கழன்று கூரையிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு மாசியிலும் நான் கயிற்றை அவிழ்த்துப் புதிதாகக் கட்டுகிறேன். உங்கள் வீட்டுக் கொக்கியையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.