அடியா, பிடியா? ஹெவிவெயிட் எம்எம்ஏ சண்டையைக் கணிக்கப் பழகுவோம்

2021 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டை நமக்கு ஞாயிறு காலையில்தான் வரும். கருங்கல் பக்கம் எங்கள் ஊரில் அது இரண்டாம் பூசை நேரம். நான் முதல் பூசைக்கே போய்விட்டு வந்து, சாயாக்கடை பெஞ்சில் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். எம்எம்ஏ என்னும் கலப்புக் கூண்டுச் சண்டையில் டெரிக் லூயிஸ், கர்டிஸ் பிளேட்ஸ் மோதல். லூயிஸ் ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பவர். பிளேட்ஸ் மல்யுத்தக்காரர். எட்டு மாதம் முன்பு, 2020 ஜூனில், அலெக்சாண்டர் வோல்கோவை ஒரே சண்டையில் 14 தடவை தரையில் வீழ்த்தியிருந்தார். இந்தச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தின் ஹெவிவெயிட்டில் அதற்கு முன் யாரும் அத்தனை டேக்டவுன் எடுத்ததில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு, பிளேட்ஸ்தான்" என்று ஒரு வாரச் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் பந்தயம் வைத்தேன்.

முதல் ரவுண்டு பிளேட்ஸ் பக்கம். இரண்டாவது ரவுண்டில் காலைப் பிடிக்கக் குனிந்து உள்ளே வந்தார். லூயிஸ் கீழிருந்து மேலே ஒரு குத்து விட்டார். அவ்வளவுதான், பிளேட்ஸ் மல்லாந்துவிட்டார். "கொள்ளாம் மக்கா உன் கணக்கு" என்றான் நண்பன். ஏழு நாளும் கூசாமல் வந்து பஜ்ஜி தின்றான்.

எத்தனை தடவை வீழ்த்தினார் என்று எண்ணினேனே தவிர, எப்படி உள்ளே நுழைகிறார் என்று நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். எம்எம்ஏ பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன். பணம் வைப்பதற்காக யாரும் இதைப் படிக்க வேண்டாம். ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தடைச்சட்டம் இருக்கிறது. சாயாவுக்குத் தடை இல்லை.

தொடங்கும் முன் இரண்டு சொல். குத்து, உதை, முழங்கை, முழங்கால் எல்லாம் அடி. கட்டிப்பிடித்துத் தரையில் போடுவது, மேலே ஏறி அமுக்குவது, கழுத்தை நெரிப்பது, கையை மடக்குவது எல்லாம் பிடி. எங்கள் குமரி மாவட்டத்து அடிமுறைச் சண்டைக்கலை ஆசான்மார் பூட்டு என்று சொல்லிக்கொடுப்பதும் இந்தப் பிடி வகைதான். ஸ்ட்ரைக்கரை அடிக்காரர் என்றும் ரெஸ்லரைப் பிடிக்காரர் என்றும் சொல்லப்போகிறேன். சண்டைக்கு நம் ஊரில் 'அடிபிடி' என்றே பெயர் இருக்கும்போது வேறு பெயர் எதற்கு?

படி 1: ஒரு தாளில் நான்கு விவரம்

எத்தனை ரவுண்டு, கூண்டு எவ்வளவு அகலம், இருவரின் எடை எவ்வளவு, கடைசி நேரத்தில் மாற்றாளாக வந்தவர் யாராவது உண்டா. இந்த நான்கையும் முதலில் எழுதுங்கள்.

ரவுண்டு ஒவ்வொன்றும் 5 நிமிடம். சாதாரணச் சண்டை 3 ரவுண்டு, பட்டத்துக்கான சண்டையும் அன்றைய முதன்மைச் சண்டையும் 5 ரவுண்டு. எந்த ரவுண்டும் நின்றபடிதான் தொடங்கும். முந்தைய ரவுண்டை எதிராளியின் நெஞ்சில் உட்கார்ந்து முடித்திருந்தாலும் மணி அடித்ததும் எழுந்து போய், அடுத்த ரவுண்டில் பிடிக்காரர் மறுபடி முதலிலிருந்து நுழைய வேண்டும். 5 ரவுண்டு என்றால் குறைந்தது ஐந்து தடவை நெருப்பைத் தாண்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யுஎஃப்சியின் பெரிய கூண்டுக்கு 30 அடி அகலம், சின்னதற்கு 25 அடி. சின்னக் கூண்டில் ஓடி ஒளிய இடம் இல்லை. பிடிக்காரருக்கு ஆளை ஓரத்தில் ஒதுக்குவது எளிது. ஆனால் அவரும் அடி விழும் தூரத்திலேயே நிற்க வேண்டியிருக்கும்.

எடை விஷயம் ஹெவிவெயிட்டுக்கே உரியது. லைட்வெயிட்டில் மேல் வரம்பு 70.3 கிலோ, அதற்குக் கீழ்ப் பிரிவின் வரம்பு 65.8 கிலோ. நடுவில் நாலரை கிலோதான். ஹெவிவெயிட்டிலோ 93 கிலோவுக்கு மேல் 120.2 வரை யாரும் வரலாம். இருவருக்கும் நடுவே ஒரு அரிசி மூட்டை அளவுக்கு வித்தியாசம் இருக்க முடியும். கையுறையோ வெறும் 113 கிராம், குத்துச்சண்டையில் இவர்கள் எடைக்காரர்கள் போடுவதில் பாதிகூட இல்லை. இந்த எடைக்கும் இந்தக் கையுறைக்கும் ஒரு குத்து போதும்.

படி 2: பட்டப்பெயரை ஓரமாக வையுங்கள்

அறிவிப்பாளர் ஒருவரை ரெஸ்லர் என்கிறார் என்பதற்காக நம்பிவிடக் கூடாது. டேனியல் கோர்மியர் அமெரிக்காவுக்காக ஒலிம்பிக்கில் மல்யுத்தம் ஆடியவர். 2018 ஜூலையில் ஸ்டிபே மியோசிச்சை முதல் ரவுண்டிலேயே குத்தி வீழ்த்திப் பட்டம் வாங்கினார். பிரான்சிஸ் இங்கானு என்றால் குத்து என்றுதான் உலகம் சொல்லும். 2022 ஜனவரியில் சிரில் கானிடம் முதல் இரண்டு ரவுண்டையும் இழந்த பிறகு, அந்த இங்கானு முழங்கால் காயத்தோடு கானைத் தூக்கித் தரையில் போட்டுப் புள்ளிகளில் ஜெயித்தார்.

அதனால் ஒவ்வொருவரின் கடைசி மூன்று சண்டைகளையும் ஓடவிட்டு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நல்ல அடி ஒன்று வாங்கியதும் அவர் எதைத் தேடுகிறார்? பிடிக்கப் போகிறாரா, திருப்பி அடிக்கிறாரா, பின்னால் நகர்கிறாரா? நெருக்கடியில் செய்வதுதான் அவருடைய சொந்தப் பழக்கம்.

படி 3: நுழைகிற வழி

மற்றப் படிகளில் அவசரப்பட்டாலும் இதில் அவசரப்படாதீர்கள். ஒரு மாலைப்பொழுது முழுக்க இதற்கே போனாலும் சரி.

கபடி ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். பாடி வருகிறவன் இரண்டு காலும் ஊன்றி நிற்கும்போது காலைப் பிடித்தால், பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டுவிடுவான். அவன் தொடுவதற்காகக் காலை நீட்டுகிற நொடியில் கணுக்காலைப் பற்ற வேண்டும். கூண்டிலும் அப்படித்தான். அடிக்காரர் குத்துவதற்காக எடையை முன்னால் போடும் நொடியில் இடுப்புக்குக் கீழே காவல் இல்லை. நல்ல பிடிக்காரர் அதற்காகக் காத்திருப்பார். சுமாரானவர் தனக்குத் தோன்றியபோது பாய்வார்.

நுழைவதில் மூன்று வழி பெரும்பாலும் பார்ப்பீர்கள். தூரத்திலிருந்து அப்படியே குனிந்து பாய்வது ஒன்று. தலை எதிராளியின் இடுப்பு உயரத்துக்கு இறங்குவதால் கீழிருந்து வரும் குத்துக்கும் முழங்காலுக்கும் நேராகப் போய்க் கொடுப்பது போலாகிவிடும். ஹெவிவெயிட்டில் இது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. இரண்டாவது, முகத்துக்கு இரண்டு குத்து விட்டு, எதிராளி கையை மேலே தூக்கியதும் கீழே நுழைவது. மூன்றாவது, ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, அப்புறம் காலை வாருவது. பார்க்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் கனமான ஆட்களுக்கு இதுதான் பத்திரமான வழி. எதிராளி உதைத்த காலைப் பிடித்துக்கொள்வது என்று ஒன்றும் உண்டு. அதனால்தான் பிடிக்காரர் எதிரே நிற்கும்போது பலர் உதைப்பதையே குறைத்துவிடுகிறார்கள்.

பிடிக்காரரின் மூன்று சண்டைகளில் ஒவ்வொரு முயற்சியையும் நிறுத்திப் பார்த்து, எந்த வழி என்று கோடு போடுங்கள். முதல் வழியில் கோடுகள் அதிகமா? எதிரே இருப்பவருக்குக் கீழிருந்து மேலே குத்து நன்றாக வருமா? அப்படியானால் உங்கள் கணிப்பு அங்கேயே பாதி ஆட்டம் கண்டுவிட்டது. பிளேட்ஸ் விஷயத்தில் நான் கோட்டை விட்டது இங்கேதான். வோல்கோவ் ஆறரை அடிக்கு மேல் உயரம், நிமிர்ந்து நின்று ஆடுபவர். லூயிஸ் அப்படியில்லை. எதிராளி குனியட்டும் என்று காத்திருப்பவர். வோல்கோவிடம் எடுத்த 14 என்ற எண் லூயிஸிடம் செல்லாது.

அடுத்து அடிக்காரரின் காலைப் பாருங்கள். எங்கள் ஊரில் அடிமுறை படித்த ஒரு பெரியவர் எந்தச் சண்டையைப் போட்டாலும் "கைய விடு, காலப் பாரு மக்கா" என்பார். நெருக்கும்போது அடிக்காரர் நேர்கோட்டில் பின்னால் போகிறாரா, பக்கவாட்டில் சுற்றி வெளியேறுகிறாரா? நேராகப் பின்னால் போகிறவரின் முதுகு கம்பியில் இடித்தே தீரும். இன்னொன்று, தரையில் விழுந்தால் எழுந்துவிடுகிறாரா? கம்பியில் முதுகைச் சாய்த்து மெல்ல மெல்ல ஏறி எழத் தெரிந்தவர் பத்துத் தடவை விழுந்தாலும் சண்டையில் இருப்பார். ஆமை மாதிரி சுருண்டு நேரம் போகட்டும் என்று கிடப்பவர் ஒரு தடவை விழுந்தாலே அந்த ரவுண்டு போச்சு.

படி 4: புள்ளிவிவரத்தை உரித்துப் பாருங்கள்

"டேக்டவுன் தடுப்பு 100 சதவீதம்" என்று திரையில் போடுவார்கள். எத்தனை முயற்சியில் என்று தேடுங்கள். இரண்டே இரண்டு முயற்சியைத் தடுத்தவருக்கும் 100தான். இருபதில் பதினான்கைத் தடுத்தவருக்கு 70. எனக்கு அந்த 70 மேல்தான் நம்பிக்கை.

"15 நிமிடத்துக்கு இத்தனை டேக்டவுன்" என்ற கணக்கும் ஏமாற்றும். ஒரே நிமிடத்தில் ஒருவரைத் தரையில் போட்டு முடித்துவிட்டால் அந்தச் சண்டையின் சராசரி 15 என்று வரும். ஹெவிவெயிட்டில் சண்டைகள் சீக்கிரம் முடிவதால் இந்த வீக்கம் அடிக்கடி நேரும். எண்ணுக்குப் பக்கத்தில் எதிராளியின் பெயரையும் எழுதிவிட்டால் பாதி வீக்கம் வடிந்துவிடும்.

படி 5: மூச்சு

2018 ஜனவரியில் பாஸ்டனில் மியோசிச்சும் இங்கானுவும் முதல் தடவை மோதினார்கள். இங்கானு முதல் ரவுண்டில் வீசிய ஒவ்வொரு குத்தும் தென்னை மரத்தைச் சாய்க்கும் வேகம். மியோசிச் தாங்கினார், விலகினார், கட்டிப்பிடித்துக் கம்பியில் சாய்த்துத் தன் எடையைச் சுமக்க வைத்தார். மூன்றாவது ரவுண்டுக்கு வரும்போது இங்கானுவால் கையைத் தூக்கி நிற்கவே முடியவில்லை. மூன்று நடுவர்களும் 50–44 என்று மியோசிச்சுக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் மூச்சு பிடிக்காரருக்கும் போகும். பிடித்து வீழ்த்துவதைவிட, பிடித்து வீழ்த்த முடியாமல் போவதுதான் அதிகம் களைப்பாக்கும். முதல் ரவுண்டில் மூன்று முயற்சி தோற்றால் இரண்டாவது ரவுண்டில் அவர் வாய் திறந்திருக்கிறதா, கை இடுப்புக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். ஒருவர் இரண்டாவது ரவுண்டைத் தாண்டிய சண்டையே சமீபத்தில் இல்லையென்றால், மூச்சு என்ற இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள்.

படி 6: நடுவர்கள்

சுருக்கமாக: ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. சும்மா மேலே படுத்திருப்பதைவிடச் சேதம் விளைவிக்கும் அடியும், முடிவை நெருங்கும் பிடியும் பெரிதாக எண்ணப்படும். யாரும் ஒன்றும் செய்யாமல் கிடந்தால் ரெஃப்ரி எழுப்பி நிற்க வைக்கலாம். பிடிக்காரர் ஜெயிப்பார் என்று எழுதினால், புள்ளியிலா, முடித்தா என்றும் சேர்த்து எழுதுங்கள்.

படி 7: சதவீதமாக எழுதுங்கள்

"இவர்தான் ஜெயிப்பார்" என்று எழுதாதீர்கள். கெயின் வெலாஸ்கெஸும் ஜூனியர் டோஸ் சாண்டோஸும் மூன்று தடவை மோதினார்கள். 2011இல் டோஸ் சாண்டோஸ் 64 நொடியில் முடித்தார். 2012இலும் 2013இலும் வெலாஸ்கெஸ் அவரைக் கம்பியில் அழுத்தி, தரையில் போட்டு, உருத்தெரியாமல் செய்தார். அதே இரண்டு பேர்தான்.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம். 2021 மார்ச், பஜ்ஜிக் கடன் தீர்ந்து சில வாரம், மியோசிச்–இங்கானு இரண்டாவது சண்டை, 5 ரவுண்டு. இங்கானு 119 கிலோ. மியோசிச் 106 கிலோ, முதல் சண்டையைவிட ஐந்து கிலோவுக்கு மேல் குறைத்து வந்திருந்தார். ஓடுவதற்கு நல்லது, கட்டிப்பிடித்துச் சாய்ப்பதற்கு எடை குறைவு என்று எழுதினேன். இங்கானு அதற்கு முன் ஜெயித்த நான்கு சண்டைகள் 45, 26, 71, 20 நொடிகளில் முடிந்தவை. மொத்தமே 2 நிமிடம் 42 நொடி. அதில் பிளேட்ஸ், வெலாஸ்கெஸ் என்று இரண்டு பெரிய பிடிக்காரர்களும் உண்டு. அடியில் சந்தேகமே இல்லை. மூச்சு? அந்த 162 நொடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கேள்விக்குறி. கடைசியில் இங்கானு 55, மியோசிச் 45. இங்கானு என்றால் முதல் ரவுண்டில், மியோசிச் என்றால் புள்ளியில்.

நடந்தது: முதல் ரவுண்டில் மியோசிச் பிடிக்க வந்தபோது இங்கானு இடுப்பைப் பின்னால் தள்ளித் தடுத்து, முதுகுப்பக்கம் போய் அடித்தார். 2018இல் அவரிடம் இல்லாத வேலை அது. இரண்டாவது ரவுண்டின் 52ஆவது நொடியில் சண்டை முடிந்தது. ரவுண்டில் தவறிவிட்டேன், ஆளில் தவறவில்லை. ஆனால் அந்த ஒரு தடுப்பைப் பார்த்த கணமே 55 என்பது 75 ஆகியிருக்க வேண்டும்.

அதனால் பழகுவதற்கு இப்படிச் செய்யுங்கள். முடிவு தெரியாத பழைய ஹெவிவெயிட் சண்டை ஒன்றை எடுங்கள். ஆறு படியையும் முடித்துச் சதவீதத்தை எழுதிவிட்டு ஓடவிடுங்கள். முதல் டேக்டவுன் முயற்சி வந்ததும் நிறுத்துங்கள். எந்த வழியில் நுழைந்தார், பலித்ததா, இல்லையென்றால் யார் கம்பிப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்து, பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதிய எண்ணை எழுதுங்கள். அப்புறம் மீதியைப் பாருங்கள்.