ஹாலி கார்புரேட்டரில் மெயின் ஜெட் தேர்வு: 1969 கமாரோவை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

பழைய அமெரிக்க மஸில் கார் (பெரிய இன்ஜின் கொண்ட வேகமான கார்) ஒன்றைச் சீர்படுத்தத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, பெட்ரோலைக் காற்றுடன் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் எந்த எண் ஜெட்டைப் பொருத்த வேண்டும் என்பதுதான். ஆனால் ஜெட்டை மாற்றுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. மற்றவை சரியாக இல்லாத இன்ஜினில் ஜெட்டை மாற்றிக்கொண்டே போனால், ஒரு குறையை இன்னொரு குறையால் மறைத்ததாகத்தான் ஆகும். 350 கன அங்குல இன்ஜினும், நிமிடத்திற்கு 600 கன அடி காற்றை அனுமதிக்கும் ஹாலி நிறுவனத்தின் 4160 வகைக் கார்புரேட்டரும் கொண்ட 1969 செவ்ரலே கமாரோவை இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

மெயின் ஜெட் என்பது நடுவில் துல்லியமான துளையுள்ள சிறு பித்தளைத் திருகு. அதன் எண் கூடக் கூட, அதன் வழியே போகும் பெட்ரோலும் கூடிக் கலவை செறிவாகும். எண் குறையக் குறையக் கலவை மெலியும். துளையின் நுழைவாய் எப்படிச் சரிவாக்கப்பட்டிருக்கிறது என்பதும் ஓட்டத்தை மாற்றும். ஆகையால் பழைய ஜெட்டை டிரில் பிட்டால் பெரிதாக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அதற்குப்பின் அதில் பொறித்த எண்ணுக்குப் பொருளே இருக்காது.

முதலில் இக்னிஷன் டைமிங், ஸ்பார்க் பிளக்குகள், மேனிஃபோல்டில் (கலவையை இன்ஜினுக்குள் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதி) காற்றுக்கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். பெட்ரோல் அழுத்தம் 5 முதல் 7 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) இருக்க வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலின் பக்கவாட்டில் சோதனைத் திருகு உள்ள மாதிரிகளில், அந்தத் துளையின் கீழ்விளிம்பைப் பெட்ரோல் தொட்டு நிற்கும்படி ஃப்ளோட் (பவுலுக்குள் இருக்கும் மிதவை) மட்டத்தை அமையுங்கள். ஐடிலிங் (மிதியை அழுத்தாமல் இன்ஜின் ஓடும் நிலை) தடுமாற்றத்தையும் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென மிதிக்கும்போது வரும் திணறலையும் மெயின் ஜெட்டின் குறையாக எண்ண வேண்டாம். முன்னது ஐடில் சுற்றைச் சேர்ந்தது. பின்னது பெரும்பாலும், மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்ஸிலரேட்டர் பம்ப்பைச் சேர்ந்தது.

அடுத்து பவர் வால்வு. அதில் 65 என்று பொறித்திருந்தால், மேனிஃபோல்டு வெற்றிடம் 6.5 அங்குலப் பாதரசத்திற்குக் கீழே இறங்கும்போது அது திறந்து கூடுதல் பெட்ரோல் தரும் என்று பொருள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை டிரைவில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஐடிலிங்கில் வெற்றிட அளவைப் பாருங்கள். அதில் ஏறத்தாழப் பாதி வெற்றிடத்தில் திறக்கும் வால்வு பொருந்தும். வால்வை எடுத்துவிட்டு அடைப்பான் போட்டால், ஈடாக ஜெட்டை 6 முதல் 10 எண்கள் வரை கூட்ட வேண்டியிருக்கும். அப்போது சீரான ஓட்டத்தில் பெட்ரோல் வீணாகிப் பிளக்குகளும் கரியடையும். சாலையில் ஓடும் காரில் இதைச் செய்யவே கூடாது.

இனி ஜெட். இந்த 600 கார்புரேட்டரின் பிரைமரி பக்கத்தில் (சாதாரண ஓட்டத்தில் வேலை செய்யும் பகுதி) தொழிற்சாலையிலிருந்தே 66 எண் ஜெட்டுகள் வருகின்றன, அங்கிருந்தே தொடங்குங்கள். இன்ஜின் ஆறிய பின் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பவுலின் கீழ்த்திருகைத் தளர்த்திப் பெட்ரோலைப் பாத்திரத்தில் பிடித்துக்கொண்டு, பவுலைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளையும் கழற்றிப் பவுலை எடுத்தால், அதன் பின்னுள்ள உலோகக் கட்டையான மீட்டரிங் பிளாக்கில் இரண்டு ஜெட்டுகள் தெரியும். பிளவில் முழுமையாகப் பொருந்தும் அகலமான ஸ்க்ரூடிரைவரால் அவற்றைக் கழற்றி, இரண்டு இடத்திலும் ஒரே எண் ஜெட்டை மென்மையாக முடுக்குங்கள். கேஸ்கெட்டுகளைச் சரிபார்த்துப் பொருத்தி, இன்ஜினை இயக்கியதும் கசிவு உள்ளதா என்று பாருங்கள்.

சமதளச் சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதியை அசைக்காமல் ஓட்டுங்கள். இன்ஜினின் இழுவை தானாகவே கூடியும் குறைந்தும் அலைபாய்ந்தால் கலவை மெலிந்திருக்கிறது. இரண்டு எண் கூட்டுங்கள். அலைபாய்வே இல்லாவிட்டால், இரண்டிரண்டாகக் குறைத்து, அது தொடங்கும் இடத்தைக் கண்டறிந்து, அதற்கு மேல் இரண்டு எண்ணில் நிறுத்துங்கள். அமெரிக்காவில் இன்று விற்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீத எத்தனால் கலந்திருப்பதால், அக்கால அளவுக்கு மேல் ஓர் எண்ணோ இரண்டோ தேவைப்படலாம்.

முழு வேகச் சோதனையை, அதாவது மிதியை முழுவதும் அழுத்தி ஓட்டிப் பார்ப்பதை, பந்தயத் தளத்தில் மட்டுமே செய்ய வேண்டும். கால் மைல் கடக்க ஆன நேரத்தைவிட, அதன் முடிவில் எட்டிய வேகமே நம்பத்தக்க அளவுகோல். ஏனெனில், புறப்படும்போது டயர் சுழன்றாலே நேரம் கெட்டுவிடும். வெளியேறும் புகையை வைத்துக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால், முழு வேகத்தில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13 வரை காட்டுவதே இலக்கு. மெலிந்த கலவை பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும் என்பதால், எப்போதும் செறிவான பக்கத்திலிருந்தே தொடங்கிக் குறைத்து வாருங்கள்.

இங்கேதான் 4160 தொடக்கநிலையினரைக் குழப்புகிறது. அதன் செகண்டரி பக்கத்தில் (மிதியை ஆழமாக அழுத்தும்போது கூடுதலாகத் திறக்கும் பகுதி) ஜெட்டே கிடையாது. துளையிட்ட மீட்டரிங் தகடு ஒன்றே இருக்கிறது. முழு வேகத்தில் மட்டும் கலவை மெலிந்திருந்தால், பிரைமரி ஜெட்டைக் கூட்டிச் சீரான ஓட்டத்தைக் கெடுக்காமல், பெரிய துளையுள்ள தகட்டை வாங்கிப் பொருத்துங்கள், அல்லது ஜெட் பொருத்தக்கூடிய பிளாக்காக மாற்றும் கிட்டைப் பயன்படுத்துங்கள்.

மலைப்பகுதிக்குக் காரைக் கொண்டு செல்பவர்கள், ஒவ்வொரு 2,000 அடி உயரத்திற்கும் ஓர் எண் வீதம் குறைக்க வேண்டும். கடல்மட்டத்தில் 66 போட்டு நன்றாக ஓடிய கார், 5,280 அடி உயரத்திலுள்ள டென்வரில் 64 அல்லது 63 கேட்கும்.