வாடைக் கடலில் ஃபைபர் படகு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்து வாடை விழுந்துவிட்டால் பழவேற்காட்டுப் பக்கம் தம்பிகளுக்குக் கால் தரையில் நிற்காது. ஆரணியாற்று வெள்ளம் ஏரிக்கு வந்து, ஏரி கடலுக்கு வடிகிற நேரத்தில் வெள்ளை இறால் கரையோரமே கிடைக்கும், கடல் மோசமாக இருப்பதால் போகிற படகும் குறைவு, அதனால் விலை ஏறி நிற்கும். போகாதே என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? எங்கள் வயதுக்காரர்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கிறுக்குத்தனங்களை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். லைஃப் ஜாக்கெட், டீசல் கேன், போனுக்குப் பிளாஸ்டிக் உறை என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள், விடுங்கள்.

முதலில் தெற்கே ஓடுவது

வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீரோட்டமும் இந்தக் கரையில் தெற்கு நோக்கித்தான். போகும்போது படகு வழுக்கிக்கொண்டு போகும், சுகமாக இருக்கும். திரும்பும்போது காற்றும் நீரோட்டமும் முகத்தில் அறையும், பாதி வழியில் டீசல் அளவைப் பார்த்து வயிறு கலங்கும். முதலில் வடக்கே ஏறுங்கள், வலையோடு சேர்ந்து ஊர்ப் பக்கமாக இறங்கி வாருங்கள்.

வற்றத்தில் (கடல் நீர் இறங்கும் நேரத்தில்) முகத்துவாரம் நுழைவது

இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வரும். நடுக்கடலில் பிழைத்த படகுகள் வீட்டு வாசலில் வந்து கவிழ்கின்றன.

வெளியிலிருந்து வருகிற அலை உள்ளிருந்து ஓடிவரும் தண்ணீரோடு மோதும்போது அதன் நீளம் சுருங்கி உயரம் கூடிவிடும், அதோடு மணல் மேடும் சேர்ந்தால் செங்குத்தாக எழுந்து உடையும். சென்னைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், அதனால் பெரிதாக யாரும் மதிப்பதில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஏரி நிரம்பி நிற்பதால் கடல் ஏற ஆரம்பித்த பிறகும் தண்ணீர் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஏற்றம் நன்றாகப் பிடிக்கும்வரை வெளியே நிற்கத்தான் வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஃபைபர், நாலு பேர், நல்ல இறால் பாடு. நாங்கள் இரண்டு மூன்று படகுகள் அலை உடையாத இடத்தில் நின்று கையை ஆட்டி நிறுத்தச் சொல்கிறோம், அவர்களுக்கு ஏலம் முடிந்துவிடுமே என்ற கவலை. படகுக்குள் மழைத் தண்ணீர் அள்ளாமல் கிடக்கிறது, ஐஸ் பெட்டி படகின் முன்முனையான அணியத்தில், வலை கட்டாமல் மேலே குவியலாக. முதல் அலை பின்புறத்தைத் தூக்கியது, ப்ரொபெல்லர் தண்ணீருக்கு வெளியே வந்து கத்தியது, பாரம் முன்னால் இருந்ததால் அணியம் மூக்கைக் குத்தியது, உள்ளே கிடந்த தண்ணீர் முழுக்க முன்னால் ஓடியது. படகு குறுக்கே திரும்பிவிட்டது. அடுத்த அலைக்கு வேலையே இல்லை. நாலு பேரும் நீந்தி மணல் திட்டில் ஏறிவிட்டார்கள், ஆனால் வலை கிழிந்தது, இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர், இறால் போன இடம் தெரியவில்லை. மறுநாள் அந்தத் தம்பி, “அலை திடீர்னு வந்துடுச்சு அண்ணே” என்கிறான். திடீரென்று எங்கே வந்தது? அதுபோல ஐந்தாறு அலை அதற்கு முன்பே அவன் கண்ணெதிரே உடைந்ததே!

வெளியே நிற்கும்போது முதலில் தண்ணீரை அள்ளுங்கள், பெட்டியை நடுவுக்குச் சற்றுப் பின்னால் நகர்த்துங்கள், வலையையும் கயிற்றையும் இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் சும்மா பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அதன் பிறகு ஒரு ஓய்வு கிடைக்கும். கடைசிப் பெரிய அலை உங்களைத் தாண்டியதும் அதன் முதுகுக்குப் பின்னாலேயே போங்கள், அதை முந்தப் பார்க்காதீர்கள், உள்ளே நுழைந்தபின் மனம் மாறித் திருப்பாதீர்கள். ஓய்வே கிடைக்கவில்லை என்றால் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் டீசல் கணக்குப் போட வேண்டும். இறால் விலை இறங்கினால் இறங்கட்டும்.

போன மாத ஜிபிஎஸ் புள்ளி

வாடையில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் ஆழமாக இருந்த வழி இப்போது திட்டாக இருக்கலாம். எங்கே வெள்ளையாக உடைகிறது, எங்கே கலங்கல் தண்ணீர் உடையாமல் ஓடுகிறது என்று கண்ணால் பாருங்கள். வெள்ளத்தில் வரும் ஆகாயத்தாமரையும் மரக்கட்டையும் அதே வழியாகத்தான் வரும், ஒருவர் அணியத்தில் நின்று பார்க்கட்டும்.

“கடல் குளம் மாதிரி இருக்கு”

வானிலை மையம் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 என்று அறிவித்திருக்கும்போது கரையில் நின்று சொல்கிற வசனம் இது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, குமரிக்கு அருகே ஒரே நாளில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாகிவிட்டது, படகுகள் அப்போது கடலில். காற்றே இல்லாமல் நீண்ட அலை மட்டும் வர ஆரம்பித்தால் எங்கோ தொலைவில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வலையைத் தைக்கலாம்.

தனியாக ஒரே படகு போவது

வேண்டாம். 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரப் பாதுகாப்புப் போலீஸ். ஆனால் கரையை விட்டு விலகினால் சிக்னல் கிடைக்காது, பக்கத்துப் படகுதான் வரும்.

நங்கூரத்தைப் பின்புறம் கட்டுவது

அணியத்தில் கட்டுங்கள். இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா?

கத்தி பெட்டிக்குள்

வலைக் கயிறு காலில் சுற்றி இழுக்கும்போது பெட்டியைத் திறக்க நேரம் இருக்காது. இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.