டிவி, போன் ஸ்கிரீனைத் துடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கையான பொருள்தானே, ஒன்றும் ஆகாது என்று நம்புவதுதான் ஸ்கிரீன் விஷயத்தில் முதல் தவறு. கெமிக்கல் வாங்காமல் வீட்டில் இருப்பதை வைத்தே துடைக்க வேண்டும் என்ற எண்ணம் ரொம்ப நல்ல எண்ணம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பித்தளை விளக்கை விபூதி பளபளக்க வைப்பது அதன் மேல் அழுக்கை அரைத்து எடுப்பதால்தான். சமையல் சோடா, டூத்பேஸ்ட் எல்லாம் அதே வேலையைத்தான் செய்யும். பழைய பிக்சர் டியூப் டிவியின் முகப்பு தடிமனான கண்ணாடி, நியூஸ்பேப்பரால் தேய்த்தாலும் தாங்கியது. இப்போதைய எல்இடி டிவிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் கண்ணாடியே கிடையாது, வெளிச்சம் கூசாமல் இருக்கப் பூச்சு கொடுத்த பிளாஸ்டிக் படலம்தான். அதில் கீறல் விழுந்தால் எடுக்க வழியில்லை.

எலுமிச்சையும் வினிகரும் அமிலம். போன் கண்ணாடியின் மேல் விரல் ரேகை ஒட்டாமல் இருக்க மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும், அது விரல் படப் படவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அமிலத்தைப் போட்டு அதை அவசரப்படுத்துவானேன்? ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற அம்மோனியா கலந்த திரவமும் ஸ்கிரீனுக்கு ஆகாது.

இதைவிடப் பெரிய தவறு, எந்தத் திரவமாக இருந்தாலும், வெறும் தண்ணீராகவே இருந்தாலும், நேராக டிவி மேல் ஸ்பிரே அடிப்பது. அடித்த நீர் வழிந்து கீழ் விளிம்பில் போய்த் தேங்கும், அங்கே உள்ளே பேனலோடு ஒட்டிய மெல்லிய சர்க்யூட் பட்டைகள் பல மாடல்களில் இருக்கின்றன, ஈரம் அதில் இறங்கினால் திரையில் கோடு விழும். மெக்கானிக்கிடம் கொண்டு போனால் 'பேனல் போச்சு' என்பார், பேனல் மாற்றும் செலவோ பல சமயம் புது டிவி விலையை நெருங்கிவிடும், கடைசியில் நன்றாக ஓட வேண்டிய ஒரு டிவி மின்கழிவாகப் போய்ச் சேரும். கெமிக்கல் பாட்டிலைத் தவிர்த்ததில் சுற்றுச்சூழலுக்குக் கிடைத்த நன்மை எல்லாம் இந்த ஒன்றிலேயே போய்விடும்.

சரி, எதைத்தான் பயன்படுத்துவது? தண்ணீர் போதும். ஆனால் போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கொதிக்க வைத்து ஆற வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், கொதித்தால் நீர்தான் ஆவியாகும், கரைந்த உப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கி வைத்த டிஸ்டில்டு வாட்டர் வீட்டில் இருந்தால் அதுவே நல்லது, இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர்.

டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறட்டும். கறுத்த திரையில் தூசி தெளிவாகத் தெரியும். முதலில் காய்ந்த துணியால் அந்தத் தூசியை லேசாகத் தட்டி எடுக்க வேண்டும், இதை விட்டுவிட்டு ஈரத் துணியோடு ஆரம்பித்தால் அந்தத் தூசியே மணல் போல் கீறும். அப்புறம் துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, அழுத்தாமல் மேலிருந்து கீழாகத் துடைத்து, உடனே காய்ந்த பக்கத்தால் ஒற்றி எடுங்கள். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிற டிவியில் சாம்பிராணிப் புகையும், சமையலறையை ஒட்டி இருப்பதில் தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். ஒரு தடவையில் போகாது, போகவில்லையே என்று அழுத்தினால் பேனலில் கரும்புள்ளி விழலாம், நாலு தடவை மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும். முழுக்கக் காய்ந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

துணிக்காகக் கடைக்கு ஓட வேண்டாம். கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடியோடு கொடுத்த துணி போனுக்குப் போதும். டிவிக்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டித் துண்டு, ஜரிகையும் கஞ்சியும் இல்லாததாக. டிஷ்யூ பேப்பர் மரநார், பஞ்சையும் விடும், கீறவும் செய்யும். மைக்ரோஃபைபர் துணி ஏற்கெனவே இருந்தால் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அது பாலியஸ்டரும் நைலானும்தான், ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் போகும். அதனால் அழுக்கானால் மட்டும் கையால் அலசி, கம்ஃபோர்ட் மாதிரி வாசனைத் திரவம் எதுவும் போடாமல் காய வையுங்கள், போட்டால் அந்த வழுவழுப்பு அடுத்த முறை ஸ்கிரீனில் கறையாக ஒட்டும்.