பழைய குட்டி லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

அலமாரியில் கிடந்த 10 அங்குல நெட்புக். இன்டெல் ஆட்டம் என்270 சிப், 1 ஜிபி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. பையன் டைப்பிங் பழக இது போதுமே என்று தூசு தட்டி எடுத்தேன். எக்ஸ்பிக்குப் பதில் லினக்ஸ் (இலவச இயங்குதளம், பல ரகங்களில் வரும்) போட எனக்கு மூன்று ஞாயிறு போயின. உங்களுக்கு ஒன்றே போதும்.

1. முதலில் பிட்

'எது லேசான லினக்ஸ்' என்று தேடுவதற்கு முன் சிப்பின் பெயரைப் பயாஸில் (கணினி எழும்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) பார்த்து, அது 32-பிட்டா 64-பிட்டா என்று இன்டெல் தளத்தில் சரிபாருங்கள். 64-பிட்டுக்கான லினக்ஸ் 32-பிட் சிப்பில் ஓடாது. என்270 வெறும் 32-பிட். அதற்குப் பின்னால் வந்த என்450 64-பிட். நான் பார்க்காமல் லுபுண்டு என்ற லேசான லினக்ஸை இறக்கினேன், பூட்டே ஆகவில்லை. லுபுண்டு 19.04-லேயே 32-பிட்டைக் கைகழுவிவிட்டது. பல லினக்ஸ்களுக்கு அடிப்படையான டெபியனின் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பிலும் 32-பிட் இன்ஸ்டாலர் கிடையாது.

2. தேர்வு

64-பிட், 2 ஜிபி ராம் இருந்தால் எம்எக்ஸ் லினக்ஸ் போடுங்கள், நேராக 3-க்குப் போங்கள். 32-பிட் என்றால் என் ஓட்டு ஆன்டிக்ஸ் 23-க்கு. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்டது, சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை இயக்கும் மென்பொருள்) இல்லை, ஐஸ்டபிள்யூஎம் (லேசான ஜன்னல் மேலாளர்) மட்டும் ஓடும்போது என் மெஷினில் 200 எம்பி ராமுக்குள் அடங்கியது. பப்பி என்ற லினக்ஸ் இன்னும் வேகம்தான். ஆனால் எல்லாமே ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓடுவதும், செய்த மாற்றங்கள் தனியாக ஒரு சேவ் ஃபைலுக்குள் போய் உட்காருவதும் புதியவரைக் குழப்பும்.

3. பென்டிரைவ்

இறக்கிய ஐஎஸ்ஓவை (முழு லினக்ஸும் அடங்கிய ஒரே ஃபைல்) ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளால் பென்டிரைவில் டிடி முறையில் (ஃபைலை அப்படியே நகலாக) எழுதுங்கள். பல லினக்ஸை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால் வென்டாய் (ஒரே பென்டிரைவில் பல ஐஎஸ்ஓக்களை வைக்க உதவும் மென்பொருள்). ஆன்டிக்ஸ் லைவாக (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே) பூட் ஆனதும் பாஸ்வேர்டு கேட்டால் 'டெமோ', ரூட்டுக்கு 'ரூட்' (ஆங்கிலச் சிறிய எழுத்தில்).

4. இன்ஸ்டால்: நான் மாட்டிக்கொண்ட இடம்

இந்த நெட்புக்குகளின் திரை 1024க்கு 600. இன்ஸ்டாலர் ஜன்னல் அதைவிட உயரம். அதனால் 'நெக்ஸ்ட்' பட்டன் திரைக்குக் கீழே எங்கேயோ இருக்கும், கண்ணில் படாது. நான் டேப் விசையைக் குத்துமதிப்பாக எண்ணி என்டர் தட்டினேன். போய் விழுந்தது கேன்சலில். அடுத்த முறையும் அதே கதை.

வழி சுலபம். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே, ஜன்னலின் உள்ளே எங்காவது இடது பட்டனைப் பிடித்து மேலே இழுங்கள். தலைப்புப் பட்டை திரைக்கு வெளியே போகும், பட்டன் எட்டிப்பார்க்கும். டச்பேடில் இது விரல் சர்க்கஸ். யூஎஸ்பி மவுஸ் செருகிக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரிக்கும், அழிக்கும்) பக்கத்தில் அவசரம் வேண்டாம். பழைய போட்டோக்கள் இருந்தால் முன்பே நகலெடுத்துவிடுங்கள்.

5. பிரவுசர்

ராமைத் தின்பது லினக்ஸ் அல்ல, பிரவுசர். இரண்டு டேப் திறந்தாலே 1 ஜிபி மூச்சுத் திணறும். ஃபயர்ஃபாக்ஸும் 145-லிருந்து 32-பிட் லினக்ஸை விட்டுவிட்டது, அதனால் அதன் நீண்ட கால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் 140-தான் கதி. காசு செலவழிப்பதாக இருந்தால் பழைய டிடிஆர்2 2 ஜிபி ராம் ஒன்று வாங்குங்கள் (என்270 மெஷின்களில் பொதுவாக அதுதான் உச்சம்). பிறகு ஒரு சாதா எஸ்எஸ்டி. யூடியூப் பார்க்க இது ஆகாது, மல்லுக்கட்டாதீர்கள்.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சினாப்டிக்கில் (மென்பொருள் தேடி நிறுவும் கருவி) லோஹித் தமிழ் எழுத்துருவைத் தேடிப் போடுங்கள்.

பிற்சேர்க்கை: "என்னுடையது 64-பிட்தான், ஆனாலும் பென்டிரைவைக் கண்டுகொள்ளவில்லை" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய சிப் இசட்3735எஃப். இந்த ரகத்தில் பல மெஷின்களில் சிப் 64-பிட், யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்தது) மட்டும் 32-பிட். பென்டிரைவில் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் இருக்கும் பூட் ஃபோல்டரைத் திறந்து, ஐஏ32 என்று முடியும் பெயரில் ஒரு பூட் ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். x64 என்று முடிவது மட்டும் இருந்தால் அந்த ஐஎஸ்ஓ அங்கே எழும்பாது, வேறு இறக்குங்கள்.