இரண்டு அங்குலம் குறைத்த பிறகு

டைனிங் டேபிளை ஒரு கடையிலும் நாற்காலிகளை வேறொரு கடையிலும் வாங்கினோம். சாப்பிட உட்கார்ந்தால் தொடை மேசையின் அடிச்சட்டத்தில் இடித்தது. அம்மாவுக்கோ கால் தரையில் எட்டவே இல்லை, பாவம். டேப் வைத்து அளந்தேன்: மேசை உயரம் 30 அங்குலம், இருக்கை 20. இடையிலுள்ள 10 அங்குலத்தில் பலகையும் சட்டமும் சேர்ந்து 5 அங்குலத்தை எடுத்துக்கொண்டன.

நல்லவேளை, நாற்காலிகளுக்கு மரக்கால்கள். ஆசாரியை வரவழைத்து 2 அங்குலம் அறுக்கச் சொன்னேன். பின்கால்கள் சாய்வானவை, நேராக அறுத்தால் விளிம்பு மட்டும்தான் தரையில் படும். அதனால் நாற்காலியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு கால்களிலும் தரைக்கு இணையாகக் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே அறுத்தார். அப்புறம் ரப்பர் புஷ் மாட்டினோம்.

இப்போது அம்மா பாதம் ஊன்றி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறார். நாற்காலி வாங்கப்போகிறவர்கள் தரையிலிருந்து மேசையின் அடிச்சட்டம் வரை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.