மாமாக் கடையில் ஒரு கிளப் முதலாளிக்கு அஞ்சலி செலுத்துவது எப்படி

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 2018 அக்டோபர் கடைசியில் நான் முகம் வாடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "யாரு தவறிட்டா?" என்று கேட்டார். இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கால்பந்து கிளப்பின் முதலாளி என்றேன். "முதலாளிக்கா?" என்றார். அதோடு பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மலேசியாவில், பினாங்கில் உட்கார்ந்துகொண்டு எங்கோ இருக்கும் ஒரு கிளப்பின் முதலாளிக்கு அஞ்சலி செலுத்த நினைப்பவர்கள் முதலில் இந்தக் கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அணி ஜெயித்த கோப்பையைக் காட்டினால் எங்கள் அப்பா மாதிரி ஆட்களிடம் எடுபடாது. சின்ன விஷயங்களைச் சொல்லுங்கள். விச்சை ஸ்ரீவத்தனபிரபா 2010-இல் கிளப்பை வாங்கியபோது அது இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. கிளப் தனக்குத் தரவேண்டிய 10 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட கடனைப் பங்காக மாற்றிக்கொண்டார். குழந்தைகள் மருத்துவமனைக்கு 20 லட்சம் பவுண்டு கொடுத்தார். தன் பிறந்தநாள் வந்தால் மைதானத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு பீரும் ஒரு டோனட்டும் இலவசம். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னதும்தான் அப்பா பேப்பரை இறக்கினார். "அவன் கையால குடுத்தானா?" என்றார். அது எனக்குத் தெரியாது என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். செய்தி வந்ததும் எதையும் எழுதாதீர்கள். லெஸ்டர் வெஸ்ட்ஹாமுடன் ஆடி 1-1 என முடிந்த அந்த ஆட்டம் நமக்கு ஞாயிறு அதிகாலை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டோம். மைதானத்தின் நடுவிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஹெலிகாப்டர் வெளியே விழுந்தபோது நம் கடிகாரத்தில் மணி மூன்றரைக்கு மேல். அவர் இறந்ததைக் கிளப் உறுதி செய்தது திங்கட்கிழமை விடியலில். நடுவில் ஒரு முழு நாள். அந்த நாளில் நான் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் போட்டேன், உடனே ஒருவன் "அவர் ஏறவே இல்லையாம்" என்றான், நான் அழித்தேன், மறுபடி போட்டேன். இன்றுவரை அதற்காக என்னைக் கிண்டல் செய்கிறார்கள். கிளப்பின் அறிக்கை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை. எரிகிற வீடியோவையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நாள் குறிப்பது அடுத்த வேலை. அடுத்த ஆட்டத்தன்று வையுங்கள், ஆட்கள் தானாக வருவார்கள். எங்களுக்கு அது நவம்பர் 3, சனிக்கிழமை இரவு 11 மணி, கார்டிஃபில் ஆட்டம். செவ்வாய்க்கிழமை தீபாவளி. வீட்டுக்கு வீடு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். "நல்ல நாளு நெருங்கற நேரத்துல இது என்னடா?" என்று நான்கு அம்மாக்களாவது கேட்டிருப்பார்கள். சண்டை போடாதீர்கள். ஆட்டம் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை.

காலையில் முடிந்தவர்கள் கோயிலுக்குப் போகலாம். அவர் தாய்லாந்துக்காரர், பௌத்தர். அதே நவம்பர் 3-இல்தான் பாங்காக்கில் இறுதிச்சடங்குகள் தொடங்கின. பினாங்கில் நமக்கு புலாவ் தீக்குசில் வாட் சாயாமங்களாராம் இருக்கிறது, 33 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கும் அந்தச் சயாமியக் கோயில். சிலைக்குப் பின்பக்கம் சுவர் மாடங்களில் இறந்தவர்களின் அஸ்திக் கலசங்கள் இருக்கின்றன, அங்கே சத்தம் போட வேண்டாம். ஜெர்சி போட்டுப் போகலாம், முழங்கால் தெரியக்கூடாது. தாமரை மொட்டு, மூன்று ஊதுபத்தி போதும். பிக்குகளுக்கு உணவு கொடுக்க நினைத்தால் மதியத்துக்குள் கொடுத்துவிடுங்கள், அதற்கு மேல் அவர்கள் சாப்பிடுவதில்லை. பெண்கள் நேராகக் கையில் கொடுக்காமல் கீழே வைக்க வேண்டும். நாம் சைவ சமயம், பௌத்தக் கோயிலுக்கு எப்படிப் போவது என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல்: லெஸ்டர் மைதானத்து வாசலில் குவிந்த பூக்களுக்கும் ஸ்கார்ஃபுகளுக்கும் நடுவே பிள்ளையார் படமும் இருந்தது.

கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாமாக் கடை என்பது இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. விளக்கு, ஊதுபத்தி, பீர் எதுவும் கேட்கக்கூடாது. நான் கேட்டது மூன்று: டிவிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு நிமிட அமைதி, அன்றைக்கு வெளியிலிருந்து ஒரு பலகாரம். "மேச எடுத்துக்க தம்பி. மால போட்ட படம் மட்டும் கல்லாவுக்கு நேரா வேணாம்" என்றார். நியாயம்தானே. சாலையில் ஊர்வலமாகப் போகலாம் என்று ஒருவன் யோசனை சொன்னான். அதற்கெல்லாம் போலீசுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பதினோரு பேருக்கு எதற்கு ஊர்வலம்?

மாலைக்கு லிட்டில் இந்தியா. பூக்கடை அக்கா முதலில் கேட்பது "சாமிக்கா, சாவுக்கா?" என்றுதான், கட்டும் விதம் வேறு. "படத்துக்கு" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருக்கட்டும். பக்கத்தில் ஓர் அட்டையில் ஐந்து பேரின் பெயரையும் எழுதி வையுங்கள். அவரோடு இரண்டு ஊழியர்கள், விமானி, விமானியின் துணைவி ஆகியோரும் இறந்தார்கள். முதலாளி பெயரை மட்டும் எழுதியிருந்தால் அப்பாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.

இப்போது முக்கியமான விஷயம். இறந்தவர் எதைக் கொடுத்தாரோ அதையே நீங்களும் கொடுங்கள். பீருக்குப் பதில் தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், டோனட்டுக்குப் பதில் கூய் கெரியா. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்து சீனி பூசிய அந்த வளையம் நம்மூர் டோனட்தானே. பலகாரம் விற்கும் மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மாவிடம்) 60 சொல்லிவைத்தேன். அன்று கடையில் யார் உட்கார்ந்திருந்தாலும், லிவர்பூல் சட்டை போட்டவனாக இருந்தாலும், ஒரு கிளாஸ் தேயும் ஒரு கெரியாவும் இலவசம். 42 கிளாஸ், ஒன்று ஒரு வெள்ளி (ரிங்கிட்) எண்பது காசு, மொத்தம் 75 வெள்ளி 60 காசு. முன்பின் தெரியாதவர்கள் "எதுக்கு?" என்று கேட்பார்கள். அப்போது நீங்கள் அவரைப் பற்றிச் சொல்லலாம். மைக் பிடித்துப் பேசுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

அமைதிக்கு டிவி சத்தத்தைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். ஒரு மைதானமே பேசாமல் நிற்கும் சத்தம் அப்போதுதான் கேட்கும். ரொட்டி போடுபவரிடமும் தே ஆற்றுபவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள், பின்பக்க மேசைகளுக்கும் போய்ச் சொல்லுங்கள். நான் பின்பக்கத்தை மறந்தேன். அமைதியின் நடுவில் "தே ஓ கொசோங் சத்து!" என்று ஒரு குரல், பாலும் சீனியும் இல்லாத தே ஒன்று கேட்டு. என் பக்கத்தில் நின்றவன் அழுதுகொண்டே சிரித்தான்.

ஆட்டத்தில் டெமராய் கிரே கோல் அடித்துச் சட்டையைக் கழற்றினார், உள்ளே விச்சையின் பெயர். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். விதி விதிதான் என்றாலும் கடையே நடுவரைத் திட்டியது. அன்று எதிரணியான கார்டிஃபுக்கு முதலாளி நம் நாட்டு வின்சென்ட் டான், நீலச் சட்டை அணிந்த கிளப்பைச் சிவப்புக்கு மாற்றி, ரசிகர்கள் எதிர்த்த பிறகு மறுபடி நீலத்துக்கே கொண்டுவந்தவர். முதலாளிகளில் எத்தனையோ வகை. அவரைப் பற்றி யாராவது கேலி பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள், இடம் அதுவல்ல. ஆனால் விச்சையைப் பற்றிக் குறை சொன்னால் தடுக்காதீர்கள். 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிய அணிக்கு 2016-இல் பிரீமியர் லீக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் ரானியேரியை ஒன்பதே மாதத்தில் நீக்கியது அவர் காலத்தில்தான். எங்களில் ஒருவன் அன்று அதைச் சொன்னான். யாரும் கோபப்படவில்லை.

எழுத விரும்புபவர்களுக்கு ஒரு 555 நோட்டுப் புத்தகம் வையுங்கள், மளிகைக் கடையில் பாக்கி எழுதுவோமே, அதே குட்டிப் புத்தகம். மலாயில் எழுதினார்கள், தமிழில் எழுதினார்கள். ஒரு சிறுவன் லெஸ்டரின் சின்னமான நரியை வரைந்தான். தே ஆற்றுபவர் வெறும் கையெழுத்து மட்டும் போட்டார்.

ஒன்று மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை: முடிந்த பிறகு படத்தை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது? தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது மாலை போட்ட ஒருவரின் படத்தை எந்த அம்மா வாசலைத் தாண்ட விடுவார்? இதை முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். எங்கள் படம் என் கார் பூட்டில், ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில், துணி சுற்றிப் பத்து நாள் கிடந்தது. அப்புறம் கடைக்காரரே போன் போட்டார்: "மாலையக் கழட்டிட்டுக் கொண்டா தம்பி." இப்போது டிவிக்கு இடப்பக்கம், குளிர்பான விலைப்பட்டியலுக்கு மேலே இருக்கிறது.